டர்பனின் வட கடற்கரையில் வீடு: கோல்ஃப் எஸ்டேட்டா, காம்ப்ளெக்ஸா, தனி வீடா?

ஒரே கேள்வியை இந்த வருடம் மூன்று பேர் கேட்டுவிட்டார்கள். ஒருவர் சென்னையிலிருந்து தென்னாப்பிரிக்காவின் டர்பனுக்கு மாற்றலாகி வந்த பொறியாளர். இன்னொருவர் யாழ்ப்பாணத்துக்கார மருத்துவர். மூன்றாமவர் பிள்ளைகள் தனித்தனியே போய்விட்ட பிறகு சாட்ஸ்வொர்த் வீட்டை விற்கலாமா என்று யோசிக்கிற அக்கா. மூவரும் பலீட்டோ பக்கம் கோல்ஃப் மைதானத்தோடு இருக்கும் ஒரு பசுமை எஸ்டேட்டை, அதாவது வேலியும் வாயில் காவலும் உள்ள குடியிருப்பை, போய்ப் பார்த்திருக்கிறார்கள். வாசலில் மான் மேய்கிறது, பிள்ளைகள் தெருவில் சைக்கிள் ஓட்டுகிறார்கள், கதவைப் பூட்டாமலே பக்கத்து வீட்டுக்குப் போகிறார்கள். வாங்கலாமா?

நான் அப்படி ஓர் எஸ்டேட்டில் இரண்டு வருடம் வாடகைக்கு இருந்தேன். இப்போது டோங்காட்டில் தனி வீட்டில் இருக்கிறேன். இரண்டிலும் எனக்குப் பிரியமானவை உண்டு. நான் முதலில் சொல்வது இதுதான்: வீட்டைப் பார்க்கும் முன் அந்த எஸ்டேட் தன் குடியிருப்பாளர்களுக்கு அனுப்பும் செய்திமடலைக் கேட்டு வாங்கி ஆறு மாதத்துக்கானதைப் படியுங்கள். விற்பனைப் புத்தகத்தில் மானும் சூரிய உதயமும் இருக்கும். செய்திமடலில்தான் உண்மையான வாழ்க்கை இருக்கும்: எந்தத் தெருவில் தண்ணீர் அழுத்தம் குறைந்தது, யார் வீட்டுக் குப்பைத் தொட்டியைக் குரங்கு கவிழ்த்தது, பாம்பு பிடிப்பவரை எந்த எண்ணில் அழைப்பது, சனிக்கிழமைப் போட்டியில் யார் ஜெயித்தது, லெவி என்ற மாதப் பராமரிப்புக் கட்டணம் அடுத்த வருடம் எவ்வளவு ஏறுகிறது, அதற்கு எத்தனை பேர் எதிர்ப்பு எழுதினார்கள்.

## முதலில் இந்த மண்

1860 நவம்பர் 16 அன்று சென்னையிலிருந்து புறப்பட்ட 'ட்ரூரோ' கப்பல் டர்பன் துறைமுகத்துக்கு வந்தது. அதில் 342 பேர். அவர்களும் பின்னால் 1911 வரை வந்தவர்களும் இந்தக் கடற்கரையின் கரும்புத் தோட்டங்களில் ஒப்பந்தக் கூலிகளாக வேலை செய்தார்கள். அவர்கள் வாயில் 'எஸ்டேட்' என்றால் கரும்பும், லயம் என்ற கூலி வரிசை வீடுகளும், சர்தார் என்ற மேஸ்திரியின் குரலும். மவுண்ட் எட்ஜ்கோமில் இன்று கோல்ஃப் மைதானமும் மாளிகைகளும் இருக்கும் இடத்தைச் சுற்றி ஒரு காலத்தில் கரும்புதான். சிம்பித்தி எஸ்டேட்டும் கரும்பு நிலத்தை மாற்றி எழுப்பியதுதான். பிறகு 1950இன் குழுப் பகுதிகள் சட்டம் வந்தது. எந்த இனத்தவர் எங்கே குடியிருக்கலாம் என்பதை அரசு தீர்மானித்தது. சாட்ஸ்வொர்த்தும் ஃபீனிக்ஸும் அப்படி உருவான ஊர்கள்.

கோல்ஃபுக்கும் இங்கே ஒரு வரலாறு உண்டு. இந்திய வம்சாவளியைச் சேர்ந்த கோல்ஃப் வீரர் பாப்வா செவ்கோலம் டர்பன்காரர். கைகளை மாற்றிப் பிடித்து அடிப்பார். 1959, 1960, 1964 என்று மூன்று முறை டச்சு ஓப்பனை வென்றவர். 1963இல் டர்பன் கன்ட்ரி கிளப்பில் நட்டால் ஓப்பனை ஜெயித்தபோது, வெள்ளையர் அல்லாதவர் கிளப் கட்டடத்துக்குள் வரக்கூடாது என்பதால் வெளியே மழையில் நின்று கோப்பையை வாங்கினார். இதைச் சொல்லக் காரணம் இருக்கிறது. வீட்டுப் பெரியவர்கள் "கோல்ஃப் எஸ்டேட்டா? நமக்கு எதற்கு?" என்று முகம் திருப்பினால் அதை வெறும் பிடிவாதம் என்று தள்ளிவிடாதீர்கள். அதே பெரியவர்களில் சிலர், "என் பாட்டன் கரும்பு வெட்டிய மண்ணில் என் பேத்தி வீடு கட்டுகிறாள்" என்று கண்கலங்கிச் சொல்லவும் கேட்டிருக்கிறேன்.

## எதை வைத்து எடைபோடுவது

வீட்டின் விலை ஒரு தடவைதான். அதனால் அதைக் கடைசியில் வைத்துவிட்டு இந்த ஆறையும் முன்னால் வையுங்கள். ஒன்று, வீட்டுக்கடன் தவணை போக ஒவ்வொரு மாதமும் கையைவிட்டுப் போகும் மொத்தப் பணம். இரண்டு, யாருடைய விதிக்குக் கட்டுப்பட்டு வாழப்போகிறீர்கள். மூன்று, பாதுகாப்பு. நான்கு, தண்ணீரும் மின்சாரமும். ஐந்து, மரம் செடி விலங்கு. ஆறு, நம் சனம்: கோயில், கல்யாணம், காரியம், சொந்தக்காரர் வரத்து. அப்புறம், என்றாவது விற்க நேர்ந்தால் எவ்வளவு எளிது என்பதையும் ஓர் ஓரத்தில் குறித்துக்கொள்ளுங்கள்.

வாங்கும்போது வரும் வரி மூன்றுக்கும் பொது. 2025 ஏப்ரலில் அமலான அட்டவணைப்படி 12,10,000 ரேண்ட் வரை பரிமாற்ற வரி இல்லை. 20 லட்சம் ரேண்ட் வீட்டுக்கு 33,786 ரேண்ட், 30 லட்சத்துக்கு 1,07,356 ரேண்ட். கட்டுமான நிறுவனத்திடமிருந்து நேராக வாங்கினால் இந்த வரி இல்லை, 15 சதவீத வாட் விலைக்குள்ளேயே இருக்கும். இது தெரியாமல் "வரி இல்லாத வீடு" என்று மகிழ்ந்துபோனவர்கள் இருக்கிறார்கள்.

## வழி 1: கோல்ஃப் கிளப்போடு இருக்கும் பசுமை எஸ்டேட்

வட கடற்கரையில் பெரும்பாலும் மூன்று பெயர்கள் அடிபடும். பலீட்டோவில் சிம்பித்தி. அதற்குச் சற்றுத் தெற்கே சிம்பாலி, அங்கே மைதானத்தை வடிவமைத்தவர் டாம் வைஸ்கோஃப். டர்பன் நகரை ஒட்டி மவுண்ட் எட்ஜ்கோம், அங்கே இரண்டு 18 குழி மைதானங்கள். சிம்பித்தியின் மைதானம் தூரம் குறைவான வகை. புதிதாகப் பழகுபவருக்கும் வயதானவருக்கும் அது ஒத்துவரும்.

மாதச் செலவு. லெவி என்பது வாயில் காவல், வேலி, உள்சாலை, பொதுத்தோட்டம், நடைபாதை, அலுவலகம் எல்லாவற்றுக்குமான பங்கு. இதற்கு மேல் நகராட்சி வீட்டு வரி தனி. சாலையை நீங்களே பராமரித்தாலும் நகராட்சிக்கும் கட்ட வேண்டும், இதைப் பலர் கணக்கில் சேர்ப்பதில்லை. குடியிருப்புத் திட்டங்களுக்கான குறைதீர் ஆணையத்துக்கு ஒரு சிறு தொகை போகும்: லெவியில் 500 ரேண்டுக்கு மேற்பட்ட பகுதியில் 2 சதவீதம், அதிகபட்சம் மாதம் 40 ரேண்ட். அது பெரிதில்லை. பெரிது வேறு இடத்தில் இருக்கிறது.

அது கோல்ஃப் மைதானம். *மைதானம் யாருடையது* என்ற ஒரே கேள்விக்கு எழுத்தில் பதில் வாங்குங்கள். வீட்டுரிமையாளர் சங்கமே சொந்தமாக வைத்திருந்தால், கிளப்பின் நஷ்டம் உங்கள் லெவியில் வந்து விழும். நீங்கள் மட்டையைத் தொட்டதே இல்லை என்றாலும் புல்வெட்டும் இயந்திரத்துக்கும் தண்ணீர் பாய்ச்சுவதற்கும் உங்கள் பங்கு உண்டு. ஆனால் கிளப்பின் கணக்கு உங்கள் கண்முன் இருக்கும், வாக்கும் உண்டு. கிளப் தனி அமைப்பாக இருந்து எல்லா வீட்டுக்கும் உறுப்பினர் கட்டணம் கட்டாயம் என்றால், செலவு தெளிவாகத் தெரியும், கட்டுப்பாடு கையில் இருக்காது. வெளி முதலாளி ஒருவருடையது என்றால் லெவி குறைவாக இருக்கலாம். அவர் நாளை மைதானத்தை மூடினாலோ பகுதியை விற்றாலோ, உங்கள் ஜன்னல் வழியே தெரியும் பச்சைக்கு உத்தரவாதம் இல்லை. நான் வாங்குவதாக இருந்தால் முதல் வகையைத்தான் எடுப்பேன், மூன்று வருடத் தணிக்கைக் கணக்கைப் படித்த பிறகு.

மைதானத்தை ஒட்டிய வீட்டுக்குக் காட்சியின் பெயரில் விலை அதிகம். வலக்கைக்காரர்கள்தான் அதிகம், தவறி அடித்த பந்து பெரும்பாலும் வலப்பக்கம் வளையும். ஆகவே அடிக்கும் மேடையிலிருந்து பார்த்தால் வலப்பக்கம் இருக்கும் வீடுகளில் கூரை ஓடும் ஜன்னல் கண்ணாடியும் உடையும். சனிக்கிழமை காலை போட்டி நேரத்தில் போய் அந்தத் தோட்டத்தில் ஒரு மணி நேரம் நில்லுங்கள். விடியும் முன்னே புல்வெட்டும் சத்தம் ஆரம்பித்துவிடும், அதையும் கேட்டுக்கொள்ளுங்கள்.

காலி மனை வாங்கிக் கட்டப் போகிறவர்களுக்கு ஒன்று: குறிப்பிட்ட காலத்துக்குள் கட்டி முடிக்காவிட்டால் லெவியை இரண்டு மடங்கு மூன்று மடங்காக்கும் விதி பல எஸ்டேட்டுகளில் உண்டு. கூரையின் நிறத்திலிருந்து சோலார் பலகை எந்தப் பக்கம் இருக்கலாம் என்பதுவரை வடிவமைப்புக் குழு ஒப்புதல் தர வேண்டும்.

விதிகள். மவுண்ட் எட்ஜ்கோமில் நடந்த வழக்கைத் தெரிந்துகொள்ளுங்கள். எஸ்டேட்டுக்குள் மணிக்கு 40 கிலோமீட்டர் வேக வரம்பு. ஒரு குடியிருப்பாளரின் மகள் அதைத் தாண்டியதற்கு அபராதம் போட்டார்கள், அவர் கட்ட மறுத்தார். 2017இல் உயர் நீதிமன்றம் அவர் பக்கம் நின்றது. 2019 மார்ச்சில் ப்ளூம்ஃபொண்டைனில் உள்ள மேல்முறையீட்டு நீதிமன்றம் அதை மாற்றியது: எஸ்டேட்டின் உள்சாலைகள் பொதுச்சாலை அல்ல, அங்கே வீடு வாங்குகிறவர் அந்த விதிகளை ஒப்பந்தமாக ஏற்றுக்கொள்கிறார். விதிப்புத்தகம் வெறும் வேண்டுகோள் இல்லை, நீங்கள் கையெழுத்திட்ட ஒப்பந்தம். அதே வழக்கில் வீட்டு வேலைக்கு வருபவர்கள் எஸ்டேட்டுக்குள் நடமாடுவதற்கு இருந்த கட்டுப்பாடும் கேள்விக்கு வந்தது. உங்கள் வீட்டில் வேலை செய்யப்போகும் அம்மா வாயிலில் எப்படி நடத்தப்படுவார், நடந்து போகலாமா, வண்டிக்காகக் காத்திருக்க வேண்டுமா என்று கேளுங்கள். ஓர் எஸ்டேட்டின் குணம் அந்தப் பதிலில் தெரிந்துவிடும்.

மரமும் விலங்கும். எஸ்டேட்டின் உண்மையான செல்வம் இதுதான். களையெடுத்துக் கரும்பை நீக்கி இந்த மண்ணின் மரங்களை நட்டு வளர்த்திருக்கிறார்கள். நீல டைக்கர் என்ற மான் முயலைவிடக் கொஞ்சம்தான் பெரிது. தென்னாப்பிரிக்காவின் மிகச் சிறிய மான் அது, வெளியே அதற்கு இடம் சுருங்கிவருகிறது. காலை நடையில் அது புதருக்குள் நின்று என்னைப் பார்த்த நாட்களை நான் மறக்கவில்லை. புஷ்பக் என்ற பெரிய மான், கீரிக் கூட்டம், மீன்பிடிக் கழுகின் கூவல் எல்லாம் உண்டு. கறுப்பு மாம்பா என்ற கொடிய விஷப்பாம்பும் உண்டு. தோட்டத்தில் குழந்தையை விடும்போது கண் வேண்டும்.

வெர்வெட் குரங்கைப் பற்றித் தனியாகச் சொல்ல வேண்டும். ஜன்னல் திறந்திருந்தால் வாழைப்பழம் போய்விடும், பூஜை அறையில் வைத்த பழம் உட்பட. உணவு போடுவதற்குத் தடை, அது சரியான தடை.

செடி விஷயத்தில் நம் வீடுகள் தடுமாறும். எஸ்டேட் ஒரு பட்டியல் கொடுக்கும், இந்த மண்ணுக்குரியவை மட்டும். கறிவேப்பிலை, முருங்கை, மா எதுவும் அதில் இருக்காது. பல இடங்களில் அடுக்களைப் பின்முற்றத்தில், வெளியே தெரியாதபடி, சமையலுக்கான செடி வைக்க அனுமதி உண்டு. கேட்டு எழுத்தில் வாங்குங்கள். ஆனால் பட்டியலைச் சலிப்போடு பார்க்காதீர்கள். அதில் நம் சொந்தக்காரர்கள் ஒளிந்திருக்கிறார்கள். அமாடுங்குலு என்ற முள்புதர் நம் களாவின் உறவு, பழம் ஊறுகாய்க்கு நன்றாக இருக்கும். உம்டோனி மரம் நாவலின் உறவு. சிவப்பாகப் பூக்கும் பவளமரம் கல்யாண முருங்கையின் இனம். சிம்பித்தி என்ற பெயரே ஊதாப் பூப்பூக்கும் உம்சிம்பித்தி மரத்தின் பெயர்தான். இன்னொரு பக்கம், நாம் கொண்டுவந்த நாவல் இங்கே பரவும் அயல் மரங்களின் பட்டியலில் இருக்கிறது. தமிழ்நாட்டுக் காடுகளைத் தின்னும் உண்ணிச்செடியை இங்கேயும் வேரோடு பிடுங்குகிறார்கள். அயல் உயிரினங்களுக்கான விதிகளின்படி, விற்கும் நிலத்தில் பட்டியலிட்ட அயல் செடி இருந்தால் வாங்குபவருக்கு எழுத்தில் சொல்ல வேண்டும். இந்த விதி மூன்று வழிக்கும் பொருந்தும்.

நம் சனம். தீபாவளிக்கு வெடி பொதுவாகக் கூடாது. நாங்கள் விளக்கு மட்டும் ஏற்றினோம், எதிர்வீட்டு ஆஃப்ரிகானர் குடும்பம் முறுக்கு சாப்பிட வந்தது, இன்றும் தொடர்பில் இருக்கிறோம். அது நல்ல நினைவு.

இன்னொரு நினைவு வேறு மாதிரி. எங்கள் தெருவில் ஒரு தாத்தா இறந்தார். இங்கே நம் வீடுகளில் உடலை வீட்டுக்குக் கொண்டுவந்து சடங்கு செய்துதான் எடுப்பார்கள். சாட்ஸ்வொர்த்திலிருந்தும் டோங்காட்டிலிருந்தும் நூற்றுக்கணக்கில் சனம் வந்தது. ஒவ்வொருவருக்கும் தனித்தனி நுழைவுக் குறியீடு. வரிசை வாயிலைத் தாண்டிப் பெருஞ்சாலை வரை நின்றது, அதில் பிண ஊர்தியும் நின்றது. பிறகு மேலாளர் வந்து ஒரு வழியைத் திறந்துவிட்டார். அவர்மீது கோபமில்லை, அவருக்கு அப்படி ஒரு நாள் வரும் என்று தெரிந்திருக்கவில்லை. வாங்கும் முன் கேளுங்கள்: சாவு வீட்டுக்கு, பதினாறாம் நாளுக்கு, கல்யாணப் பந்தலுக்கு உங்கள் நடைமுறை என்ன? விறகடுப்பில் பெரிய பானை வைத்துப் பிரியாணி ஆக்கலாமா? முகம் சுளிக்காமல் பதில் வந்தால் பாதி முடிவு ஆயிற்று.

## வழி 2: மதில் சூழ்ந்த காம்ப்ளெக்ஸ்

உம்ஷ்லாங்கா, லா லூசியா, பலீட்டோவில் அடுக்குவீடுகளும் ஒட்டுவீடுகளும் நிறைய. இங்கே உங்களுக்குச் சொந்தம் சுவருக்குள் இருக்கும் பகுதி, கட்டடமும் நிலமும் எல்லோருக்கும் பொது. நிர்வாகம் பாடி கார்ப்பரேட் என்ற உரிமையாளர் சங்கத்தின் கையில்.

மாதச் செலவு. லெவி உங்கள் வீட்டின் பரப்புக்கு ஏற்றபடி. அதில் கட்டடக் காப்பீடும் வெளிச்சுவர்ப் பராமரிப்பும் அடங்கும், அதனால் எஸ்டேட் லெவியோடு நேருக்கு நேர் ஒப்பிடாதீர்கள். 2016 முதல் அமலில் உள்ள சட்டப்படி சேமநிதியும் பத்து வருடப் பராமரிப்புத் திட்டமும் இருக்க வேண்டும். அந்த இரண்டு தாளையும் கேளுங்கள். கடலுப்பு இங்கே இரும்பைச் சாப்பிடும். பால்கனிக் கம்பி, லிஃப்ட், வாயில் மோட்டார் எல்லாம் கடலிலிருந்து தள்ளியிருக்கும் ஊர்களைவிட வேகமாகக் கெடும். சேமநிதி வறண்டிருந்தால் திடீரென்று சிறப்பு லெவி வரும். அதுதான் இங்கே மறைந்திருக்கும் செலவு.

விதிகளும் சனமும். விதி குறைவு என்று நினைப்பீர்கள், ஆனால் சுவர் மெல்லியது. காலை ஐந்து மணிக்குக் கிரைண்டர் ஓட முடியாது. கருவாடு வறுத்தால் மேல்வீட்டுக்குத் தெரியும். நாய் வளர்க்க பாடி கார்ப்பரேட்டின் அறங்காவலர்கள் ஒப்புதல் வேண்டும். பலீட்டோவில் டிசம்பர் வந்தால் பள்ளி முடித்த பிள்ளைகளும் விடுமுறைக்காரர்களும் குவிவார்கள். குறுகிய கால வாடகை அனுமதித்த காம்ப்ளெக்ஸில் அந்த மாதம் தூக்கம் கெடும். வாடகைக்கு விட்ட வீடுகள் எத்தனை என்று கேளுங்கள்.

தோட்டம், தண்ணீர், மின்சாரம். தொட்டிச் செடி அளவுதான். சில இடங்களில் பொது ஜெனரேட்டரும் நீர்த்தொட்டியும் உண்டு, சில இடங்களில் ஒன்றும் இல்லை. சொந்தமாகச் சோலார் போடுவது கடினம், கூரை உங்களுடையது அல்ல.

பூட்டிவிட்டு மூன்று மாதம் ஊருக்குப் போகிறவர்களுக்கு இதைவிட நல்ல வழி இல்லை. சாட்ஸ்வொர்த் அக்காவுக்கு இதைத்தான் சொன்னேன். மாடிப்படி இல்லாத தரைத்தள வீடாக, கோயிலுக்குப் பக்கமாக.

## வழி 3: ஊருக்குள் தனி வீடு

டோங்காட், வெருலம்; வட கடற்கரைக்கு வெளியே என்றால் ரிசர்வாயர் ஹில்ஸ், இசிப்பிங்கோ. நிலமும் வீடும் உங்களுடையது, லெவி கிடையாது.

மாதச் செலவு. லெவி இல்லை என்ற மகிழ்ச்சியில் அதே செலவைத் துண்டு துண்டாகச் செய்வோம். ஆயுதக் காவல் நிறுவனத்துக்கு மாதச் சந்தா, மின்வேலிப் பராமரிப்பு, வாயில் மோட்டார், தோட்டக்காரர், பெயின்ட், கூரை. நான் ஒரு வருடம் முழுக்கக் குறித்துவைத்தேன். எஸ்டேட்டில் கட்டியதைவிடக் குறைவுதான், ஆனால் நான் நினைத்த அளவுக்குக் குறைவில்லை. ஒரு வித்தியாசம்: எந்தச் செலவை எப்போது செய்வது என்று நானே முடிவு செய்தேன். பணம் இறுக்கமான மாதத்தில் பெயின்ட்டைத் தள்ளிப்போடலாம். லெவியைத் தள்ளிப்போட முடியாது.

தண்ணீர், நிலம். 2022 ஏப்ரல் வெள்ளம் இந்த மாகாணத்தில் நானூறுக்கும் மேற்பட்டவர்களைக் கொண்டுபோனது. டோங்காட்டின் நீர் சுத்திகரிப்பு நிலையம் உடைந்து, மாதக்கணக்கில் லாரித் தண்ணீர்தான். அதற்குப் பிறகு இங்கே ஜோஜோ என்று சொல்லும் பிளாஸ்டிக் நீர்த்தொட்டி இல்லாத வீட்டைப் பார்ப்பது அரிது. 2024 ஜூன் 3 அன்று சுழற்காற்று வேறு வந்து கூரைகளைப் பிடுங்கியது. பலீட்டோ வேறு நகராட்சி, க்வாடுகுசா. பலீட்டோவில் தண்ணீர் விநியோகம் 1999 முதல் சிசா வாட்டர் என்ற தனியார் நிறுவனத்திடம். ஒரே கடற்கரையில் சில கிலோமீட்டர் தள்ளினால் குழாயின் கதை மாறிவிடும் என்பதை வரைபடத்தில் பார்த்துக்கொள்ளுங்கள்.

சரிவில் இருக்கும் வீடு என்றால் மண்ணைப் பாருங்கள். பெரியா சிவப்பு மணல் என்று இங்கே சொல்லும் மண் காய்ந்திருக்கும்போது உறுதியாக நிற்கும், ஊறினால் வழுக்கும். தாங்குசுவருக்கு நீர் வடியும் துளைகள் இருக்கின்றனவா என்று ஒரு பொறியாளரைக் கூட்டிப்போய்ப் பாருங்கள். ஒப்பந்தத்தில் 'ஃபூட்ஸ்டூட்ஸ்' என்ற சொல் இருந்தால், உள்ளது உள்ளபடி வாங்குகிறீர்கள் என்று பொருள். மின்சாரச் சான்று, மின்வேலிச் சான்று இரண்டோடு, மரத்தை அரிக்கும் வண்டு இல்லை என்ற சான்றையும் இந்தக் கடற்கரையில் வழக்கமாகக் கேட்பார்கள்.

பாதுகாப்பு. இதில் எஸ்டேட் முன்னால் நிற்கிறது, மறைக்க ஒன்றுமில்லை. இரவில் சத்தம் கேட்டால் டோங்காட்டில் எழுந்து பார்ப்பேன், எஸ்டேட்டில் திரும்பிப் படுத்திருப்பேன். 2021 ஜூலைக் கலவரத்தில் இரண்டு வகை வீட்டுக்காரர்களும் ரொட்டிக்கும் பாலுக்கும் வரிசையில்தான் நின்றார்கள் என்பதும் உண்மை. வேலிக்குள் கடையோ மருத்துவமனையோ பெட்ரோல் பங்க்கோ முழுதாக இருப்பதில்லை.

நம் சனம். பந்தல் போட யாரையும் கேட்க வேண்டாம், பக்கத்து வீட்டு அண்ணனுக்குச் சொன்னால் போதும். கறிவேப்பிலை மரம் இரண்டு ஆள் உயரம் நிற்கிறது, தெருவே வந்து பறிக்கும். காவடி மாதத்தில் மேளச் சத்தம் வீட்டுக்குள் வரும். பிள்ளைகளுக்கு இங்கே மாமா, அத்தை என்று கூப்பிட ஆள் இருக்கிறது. எனக்கு இதுதான் தராசைச் சாய்த்தது.

## ஒரே பார்வையில்

| | கோல்ஃப் பசுமை எஸ்டேட் | காம்ப்ளெக்ஸ் | தனி வீடு |
|---|---|---|---|
| மாதச் செலவு | அதிகம், தள்ளிப்போட முடியாது | நடுத்தரம், காப்பீடு சேர்ந்தது | ஏற்ற இறக்கம், உங்கள் கையில் |
| மறைந்திருக்கும் செலவு | கிளப் நஷ்டம், கட்டத் தாமதித்தால் கூடுதல் லெவி | சிறப்பு லெவி, கடலுப்பு | தாங்குசுவர், கூரை, காவல் |
| விதி | தடித்த புத்தகம், நீதிமன்றத்தில் நிற்கும் | அக்கம்பக்கச் சத்தம், வாசனை | நகராட்சி விதி மட்டும் |
| பாதுகாப்பு | மூன்றில் சிறந்தது | வாயில் காவலைப் பொறுத்தது | நீங்களே பார்க்க வேண்டும் |
| தண்ணீர், மின்சாரம் | பெரும்பாலும் பொது ஏற்பாடு உண்டு | கட்டடத்துக்குக் கட்டடம் மாறும் | ஜோஜோ, சோலார் உங்கள் விருப்பம் |
| பசுமை | காடும் மானும் | தொட்டிச் செடி | கறிவேப்பிலையும் மாவும் |
| விசேஷம், காரியம் | முன்னனுமதி | இடம் போதாது | தடையில்லை |
| விற்பது | லெவி பாக்கியின்மைச் சான்று, பரிமாற்றக் கட்டணம் | லெவி பாக்கியின்மைச் சான்று | லெவிச் சான்று வேண்டாம், நகராட்சிச் சான்று வேண்டும் |

## யாருக்கு எது

சின்னப் பிள்ளைகள், தாய் தந்தை இருவருக்கும் வேலை, சொந்தக்காரர் இந்த நாட்டில் அதிகம் இல்லை, காலையில் காட்டுக்குள் நடக்க ஆசை என்றால் எஸ்டேட் நல்லது. சென்னைப் பொறியாளருக்கு அதையே சொன்னேன். அவர் மனைவி வீட்டிலிருந்து வேலை செய்கிறார், மகனுக்கு ஆறு வயது, சைக்கிள் ஓட்டப் பழகுகிறான். கோல்ஃப் விளையாடாதவர்கள் மைதானத்தை ஒட்டிய வீட்டை விட்டு, ஓடைக்காட்டை ஒட்டிய வீட்டைப் பாருங்கள். பந்தும் வராது, விலையும் சற்று இறங்கும்.

வீட்டிலேயே டியூஷன், தையல், சமையல் தொழில் நடத்துகிறவர்களுக்கு எஸ்டேட் வேண்டாம். தினமும் வரும் வாடிக்கையாளருக்கு வாயில் குறியீடு கொடுத்தே நாள் போய்விடும். வேலை டர்பன் நகருக்குள் என்றால் பலீட்டோவிலிருந்து தினம் நாற்பது கிலோமீட்டர் போக, நாற்பது வர, என்2 சாலையில் சுங்கமும் உண்டு. அதை மாதக் கணக்கில் சேருங்கள். அடிக்கடி விமானம் ஏறுகிறவர்களுக்கு அதே தூரம் லாபம், கிங் ஷாகா விமான நிலையம் நடுவில் இருக்கிறது.

மருத்துவர் இன்னும் முடிவு செய்யவில்லை. நைட் டியூட்டி முடிந்து வரும் மனைவிக்கு எஸ்டேட்டின் வாயில் விளக்கு பிடித்திருக்கிறது. மருத்துவரின் அம்மாவுக்கு மாலையில் கோயில் மணி கேட்க வேண்டும். அவர்களுக்கு நான் சொன்னது, இப்போது வாங்க வேண்டாம், எஸ்டேட்டில் ஒரு வருட வாடகை எடுங்கள், தீபாவளியும் டிசம்பரும் ஆண்டுப் பொதுக்கூட்டமும் அதற்குள் வரட்டும். வாடகைக்காரருக்கு அந்தக் கூட்டத்தில் வாக்கு இல்லை. வீட்டுக்காரர் பதிலாளாக எழுதிக் கொடுத்தால் உட்கார்ந்து கேட்கலாம். லெவி எவ்வளவு, கிளப் கணக்கு எப்படி, எதற்கு யார் எழுந்து பேசுகிறார்கள் என்று அம்மாவையும் கூட்டிப்போய்க் கேட்கச் சொல்லியிருக்கிறேன். அடுத்த மாதம் வீடு மாறுகிறார்கள். கறிவேப்பிலைக் கன்று ஒன்று தொட்டியில் எடுத்து வைத்திருக்கிறேன், பின்முற்றத்துக்கு.